படகை எங்கே நிறுத்துவது: வாவிக்கரையிலா, வீட்டு வளவிலா?

கல்லடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பல வருடம் டோஹாவில் வேலை செய்தவர், பிள்ளைகளின் படிப்புக்காக ஊரோடு வந்து தங்கிவிட்டார். வந்த கையோடு 18 அடி பைபர் படகு ஒன்றை, 25 குதிரைவலு எஞ்சினுடன், ஒரு மீனவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். தொழிலுக்கு அல்ல. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வாவியில் ஓடவும், தூண்டில் போடவும்தான். விற்றவர் இந்த மாத முடிவுக்குள் தன் இறங்குதுறையிலிருந்து படகை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. வாவியோரத்தில் சொந்தமாக ஒரு மரத் துறை வைத்திருப்பவர், மாதம் 7,500 ரூபா தந்தால் படகைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். ஒரு வருடக் காசை முன்கூட்டியே கொடுத்தால் 80,000 ரூபாவுக்கு முடித்துத் தருவாராம், துண்டும் எழுதித் தருவாராம். மற்றது, ட்ரெயிலர் செய்வித்து, தன்னுடைய பிக்கப்பில் இழுத்து வந்து வீட்டு வளவுக்குள் நிறுத்துவது. மைத்துனர், “ட்ரெயிலர் பிக்கப்பின் ஒரு பாகம்தானே, அதற்குத் தனிப் பதிவு தேவையில்லை” என்கிறார். மனைவிக்கு ட்ரெயிலரில் விருப்பமில்லை. வீடு இருப்பது மூன்று குடும்பங்கள் பாவிக்கும் ஒழுங்கைக்குள். அயலோடு மனத்தாங்கல் வரும் என்று பயப்படுகிறார். சகோதரிக்கு வாவியோரத்தில் ஒரு காணி உண்டு. அங்கே சின்னதாக ஒரு இறங்குதளம் கட்டினால் என்ன என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்பின் வாசகரே,

டோஹாவில் படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர் நீங்கள். அங்கே ஒரு படகுக்கு ஒரு இடம், அதற்குத் தண்ணீர், மின்சாரம், இரவு பகல் காவல், கைநிறையப் பக்கங்களோடு ஒரு ஒப்பந்தம். அப்படியான மரீனா மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இல்லை. வாழைச்சேனையில் உள்ளது மீன்பிடித் துறைமுகம்; ஆழ்கடலுக்குப் போகும் தொழில் படகுகளுக்கானது. உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரம் வேறு. ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்து, படகுகள் உள்ளே வர முடியாமல் தவித்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆகவே அந்த இரண்டையும் விட்டுவிடுவோம். உங்களுக்கு அமையக்கூடியது வாவிக்கரையும் வீட்டு வளவும்தான்.

மாதக் காசையும் ட்ரெயிலர் செலவையும் பக்கம் பக்கமாக எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டலில் பிழையில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் அங்கே இல்லாத நாட்களில் அந்தப் படகுக்கு யார் பொறுப்பு?

இடத்துக்குக் காசா, காவலுக்குக் காசா?

துறைக்காரர் உங்களிடம் கேட்கும் 7,500 ரூபா எதற்கு என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. “காசு வாங்குகிறார், அப்படியென்றால் களவு போனால் அவர்தானே பொறுப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்த விடயத்தில் நம் நாட்டில் பொருந்துவது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி, ஒருவர் தன் இடத்தில் உங்கள் பொருளை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதித்து வாடகை வாங்கினால், அவர் வாடகைக்கு விட்டது இடத்தைத்தான். பொருளைப் பார்த்துக்கொள்ளும் கடமை தானாக அவர் தலையில் ஏறாது. பொருளைக் கையேற்றுப் பாதுகாப்பதற்காகக் காசு வாங்கினால் நிலைமை முற்றிலும் வேறு. நியாயமான ஒருவர் காட்டும் கவனத்தை அவர் காட்ட வேண்டும். பொருள் காணாமற்போனால் தன் கவனக்குறைவால் போகவில்லை என்பதை அவர்தான் காட்ட வேண்டிவரும். காசே வாங்காமல் உறவுக்காகவோ நட்புக்காகவோ வைத்திருப்பவருக்கு ஆகக் குறைந்த பொறுப்பு. பாரதூரமான கவனக்குறைவோ நேர்மையீனமோ இருந்தால் தவிர அவரைப் பிடிக்க முடியாது.

ஆகவே துறைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: “அண்ணே, இது கட்டுற இடத்துக்கா, பார்க்கிறதுக்குமா?” இடத்துக்கு மட்டும்தான் என்றால் 7,500 ரூபா எனக்கு அதிகமாகப்படுகிறது. பார்க்கவும் சேர்த்துத்தான் என்றால், என்னென்ன பார்ப்பார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மாரி காலத்தை மனதில் வைத்து எழுதுங்கள்.

ஏனென்றால் தண்ணீரில் கட்டிய படகுக்குக் கள்ளனைவிட மழைதான் பெரிய எதிரி. உங்கள் படகின் திறந்த பரப்பு ஆறு சதுர மீற்றர் என்று வையுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் (மார்கழி, தையில் மட்டக்களப்புக்கு அது புதிதல்ல) படகுக்குள் 600 லீற்றர் தண்ணீர் நிற்கும். பத்துப் பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்த பாரம் அது. உட்கார்ந்த ஆள் ஒரு இடத்தில் இருப்பார், தண்ணீர் இருக்காது. படகு ஒரு பக்கம் சரிந்தால் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். பின்பக்கத்தில் எஞ்சினும் தொங்கினால் பின்விளிம்பு தாழ்ந்து வாவித் தண்ணீரும் உள்ளே வரத் தொடங்கும். இரவில் பெய்த மழைக்கு விடியற்காலையில் ஒருவர் போய்த் தண்ணீர் இறைக்காவிட்டால் படகு போய்விடும். அந்த ஒருவர் யார்? கல்லடியிலிருந்து நீங்களா, துறைக்காரரா?

அடுத்தது கயிறு. மழை வெள்ளம் வந்து சேரச் சேர வாவி நிறையும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை வெட்டி விட்டால் விறுவிறென்று வற்றும். நீர்மட்டம் ஏறும்போது கட்டையாகக் கட்டிய கயிறு படகின் முன்பக்கத்தை அமுக்கிப் பிடிக்கும். இறங்கும்போது கரையோடு ஒட்டிக் கட்டிய படகு சேற்றில் குந்தி, துறையின் மரக்குற்றியில் சாய்ந்து நிற்கும். அந்த நாட்களில் கயிற்றை இளக்கி இறுக்க ஒரு ஆள் வேண்டும். அவிழ்ந்து போன உங்கள் படகு இன்னொருவரின் வலையையோ தோணியையோ இடித்துச் சேதப்படுத்தினால், சரியாகக் கட்டாமல் விட்ட கவனக்குறைவுக்கு நட்டஈடு உங்களிடம்தான் கேட்பார்கள். படகை இழந்த ஒருவர் நட்டஈடும் கட்ட வேண்டிவரும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை இவை: மழைக்குப் பின் தண்ணீர் இறைப்பது யார், கயிறு பார்ப்பது யார், ஆபத்தென்றால் எந்த நேரத்திலும் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, எஞ்சின் எங்கே இருக்கும். நீங்கள் இல்லாதபோது வேறு எவரும் படகை எடுக்கக்கூடாது என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். கரையில் சும்மா நிற்கும் படகை, “அரை மணித்தியாலம்தானே” என்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றி ஓடக் கொடுப்பது நடக்கிற விடயம். அதில் ஒரு விபத்து நடந்தால் முதலில் தேடி வருவது படகின் உரிமையாளரைத்தான். “உரிமையாளரின் பொறுப்பிலேயே” என்று ஒரு வசனம் துண்டில் இருந்தால், அதை நீக்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.

எஞ்சின் மட்டும் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் கரையில் இருக்க வேண்டாம். 25 குதிரைவலு எஞ்சின் ஐம்பது கிலோ அளவில்தான் இருக்கும். இரண்டு பேர் தூக்கி பிக்கப்பில் வைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, எஞ்சின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பொலிசில் முறைப்பாடு கொடுக்க நேர்ந்தால் அதுதான் முதலில் கேட்கப்படும்.

ஒரு வருடக் காசும் அந்தத் துண்டும்

80,000 ரூபாவை மொத்தமாகக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு இடம் உங்களுடையது என்று நம்புகிறீர்கள். கொடுக்காதீர்கள். காணியையோ அசையாத சொத்தையோ ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்கு எடுப்பதாக இருந்தால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவரோடு எழுதப்பட வேண்டும். கொப்பித் தாளில் எழுதிய துண்டு எத்தனை கையெழுத்தோடு இருந்தாலும் ஒரு வருடக் குத்தகையாகாது. மூன்றாம் மாதம் அவர் “எடுங்கள்” என்றால் மிச்சக் காசுக்கு நீங்கள் வழக்காடலாம், இடத்தில் நிற்க முடியாது.

இன்னொன்று. “அப்பப்பா காலத்திலிருந்து இந்தக் கரை எங்களுடையது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனதறிந்து பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை; கரையில் வாழ்ந்தவர்கள் அப்படித்தான் உணர்வார்கள். ஆனால் வாவியோர ஒதுக்கு நிலம் அரசுடையது. தனியார் காணியைப் பத்து வருடம் எதிராட்சியாக, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் தன்னுடையதுபோல், ஆண்டு உரிமை பெறுவதுபோல் அரச காணியைப் பெற முடியாது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டமே அரசின் உரிமையைத் தொடவில்லை. ஆகவே அவரிடம் காணி உறுதியோ பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரமோ இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் துறையைக் கழற்றச் சொல்லி அறிவித்தல் வரும்போது, ஒரு வருடக் காசு கொடுத்த நீங்களும் சேர்ந்து வெளியே நிற்பீர்கள்.

இதற்காக அவரோடு உறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இடத்தைக் குத்தகை எடுப்பதாக எழுதாமல், படகைப் பாதுகாப்பதற்கான ஒப்பந்தமாக மாதாமாதம் வைத்துக்கொள்ளுங்கள். படகு அசையும் பொருள். அதைக் காவல் காக்கும் ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசு தேவையில்லை, இருவரும் கையெழுத்து வைத்த தெளிவான ஒரு தாள் போதும். மாதக் காசுக்கு ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வழக்கென்று வந்தால் எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், சேதத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம் என்று காலவரையறை உண்டு. “பிறகு பார்ப்போம்” என்று விட்டு இந்தக் காலத்தைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

ட்ரெயிலர்

மைத்துனர் சொன்னது பிழை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் “மோட்டார் வாகனம்” என்ற வரைவிலக்கணத்துக்குள்ளேயே ட்ரெயிலரும் வருகிறது. உழவு இயந்திரத்தின் பெட்டிக்குத் தனி இலக்கத் தகடு இருப்பதை நீங்கள் தினமும் வீதியில் பார்க்கிறீர்கள், அதுபோலத்தான் இதுவும். ஒட்டுவேலைக் கடையில் செய்வித்த ட்ரெயிலரைப் பதியாமல் இழுத்தால் வழிமறிக்கும் பொலிசுக்குத் தண்டம் கட்டுவதோடு முடியாது. ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க அது நல்ல காரணமாகிவிடும். ஆகவே கடைக்காரருக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன அளவு, என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டறியுங்கள். பிறகு பிக்கப்பின் காப்புறுதி நிறுவனத்துக்கு “ட்ரெயிலர் இழுக்கப்போகிறேன்” என்று எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதியில் முக்கியமான விடயத்தை மறைப்பது, கேட்காவிட்டாலும் சொல்லாமல் விடுவது, பின்னால் கோரிக்கையையே கவிழ்த்துவிடும்.

உங்கள் கடிதம் முழுவதிலும் ஒன்றைத் தேடினேன், இல்லை. ட்ரெயிலர் வீட்டில் நிற்கும், சரி. ஞாயிற்றுக்கிழமை படகை எங்கே இறக்குவீர்கள்? ட்ரெயிலரைப் பின்னோக்கி இறக்க இறுகிய சரிவு வேண்டும். வாவிக்கரையில் பல இடங்கள் சேறு; சக்கரம் புதைந்தால் பிக்கப்பும் சேர்ந்து புதையும். நல்ல இறங்குதுறைகள் மீனவர் சங்கங்களின் பாவனையில் உள்ளவை. அவர்கள் வலை காயப்போடும் இடத்தில், மீன் ஏற்றும் நேரத்தில், பொழுதுபோக்குப் படகோடு போய் வழிமறித்தால் அது நியாயமும் இல்லை, நடக்கவும் விடமாட்டார்கள். சங்கத் தலைவரைக் கண்டு கதைத்து, எந்த நேரம் இடைஞ்சல் இல்லை என்று கேட்டு, அந்த நேரத்தில் போங்கள். அந்தத் துறைக்காரரிடமே, கட்டி வைக்காமல் இறக்கி ஏற்ற மட்டும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசிப் பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும் கரையும் கரையில் இருப்பவர்களும் உங்களுக்குத் தேவை. வீட்டுக்குக் கொண்டுவருவதால் அந்தத் தேவை குறையும், ஒழியாது.

நான் இயந்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் விபத்து வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிலதைச் சொல்லாமல் விட முடியவில்லை. படகை முன்னால் மட்டும் கட்டாமல் பின்னாலும் இரு பக்கமும் பட்டியால் இறுக்குங்கள். இணைப்புக் கொக்கியோடு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கட்டும். பாரம் கொஞ்சம் முன்பக்கம் இருக்க வேண்டும்; பின்னால் கூடினால் ட்ரெயிலர் பாம்புபோல் நெளியும். தூரம் ஓடிய சூட்டோடு சக்கரத்தை உப்புத் தண்ணீரில் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும், பெயரிங் கெட்டுப்போகும். சற்று ஆறவிட்டு இறக்குங்கள், பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வளவில் நிற்கும்போது அடியிலுள்ள தண்ணீர் அடைப்பைக் கழற்றி வைத்தால் மழைத் தண்ணீரும் நிற்காது, நுளம்பும் பெருகாது. இறக்கும் முன் அதைத் திரும்பப் பூட்ட மறப்பவர்கள் உண்டு. அடைப்பைப் பிக்கப் சாவியோடு கோத்து வையுங்கள்.

ஒழுங்கை: மனைவி சொல்வதைக் கேளுங்கள்

உங்கள் மனைவியின் பயத்தை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அது கடிதத்தின் மிக முக்கியமான வரியாகப் படுகிறது. காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒழுங்கை எத்தனை அடி, உங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்ன உரிமை? பெரும்பாலான உறுதிகளில் இருப்பது வழியுரிமை, அதாவது போய்வரும் உரிமை மட்டும். நிறுத்தி வைக்கும் உரிமை அதற்குள் வராது. கேற்றைத் திறக்கும்வரை ஐந்து நிமிடம் நிற்பதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் திருப்ப முடியாமல் ட்ரெயிலரைக் கழற்றி ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டி நோயாளியோடு வெளியே வர முடியாமல் நின்றால், அயலவர் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு கேட்க முடியும்.

இதைக் கண்டறியச் செலவே இல்லை. படகின் அகலத்துக்கும் பிக்கப்போடு சேர்ந்த நீளத்துக்கும் நான்கு கம்பும் கயிறும் கட்டி, ஒழுங்கை வாசலிலிருந்து உங்கள் கேற்றுவரை நடந்து பாருங்கள். கேற்றடியில் வளைய முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிந்தால், இரண்டு அயல் வீட்டுக்கும் நீங்களும் மனைவியும் சேர்ந்து போய், மாதத்தில் எத்தனை முறை, எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சகோதரியின் காணியில் கட்டலாமா?

காணி சகோதரியுடையது என்பதால் தடையில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டுத் திருத்தமும், கடலோடு தொடர்புள்ள வாவிகளின் ஓரத்தில் 100 மீற்றர்வரை கரையோர வலயத்துக்குள் சேர்க்கின்றன. அங்கே அபிவிருத்தி வேலை எதற்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு உண்டு. விண்ணப்பிக்க விருப்பமானால் விண்ணப்பியுங்கள். இந்த மாத முடிவுக்கு அது உதவாது.

நான் என்ன செய்யச் சொல்வேன்?

மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓடும் படகை வருடம் முழுவதும் தண்ணீரில் விடுவதில் நியாயமில்லை. அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும், நீண்ட நாள் ஊறிய பைபரில் கொப்புளம் எழும், கவலை உங்களோடு வீட்டில் இருக்கும். ஒழுங்கையில் இடம் போதுமென்றால் ட்ரெயிலர்தான் என் விருப்பம். ஆனால் அவசரமாக அல்ல. பதிவும் காப்புறுதியும் முடியும்வரை, நான் மேலே சொன்ன பாதுகாப்பு ஒப்பந்தத்தோடு மாதாமாதம் துறைக்காரரிடம் விடுங்கள். ஒழுங்கை இடங்கொடுக்காவிட்டால் வெயில் காலத்தில் மட்டும் தண்ணீரில் வையுங்கள். ஐப்பசி பிறக்கும்போதே கரையேற்றி, மேடான இடத்தில் மரக்கட்டைகள்மேல் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். காற்றுக் காலத்தில் படகை எங்கே வைப்பது என்று அவர்களிடம் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் இந்தக் கிழமையே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் வாங்கியது மீன்பிடிப் படகு. கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு இலக்கம் இன்னும் விற்றவரின் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவு அப்படியே இருக்கும்வரை எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், அடுத்து உங்களுடையதை. காப்புறுதி எடுக்கப் போனாலும் உரிமை யாருடையது என்ற கேள்வி வரும். விற்றவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போங்கள். பெயர் மாற்றத்தையும், தொழிலுக்கில்லாமல் பாவிக்கப்போவதால் பதிவில் செய்ய வேண்டிய மாற்றத்தையும், தூண்டில் போட அனுமதி எப்படி என்பதையும் ஒரே முறையில் கேட்டுவிடலாம். விற்பனைக்கு எழுதிய தாளில் படகின் பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், கொடுத்த தொகை, திகதி, இருவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியன இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மாத முடிவில் படகை எடுக்கப் போகும் அன்றைக்கு, மிச்சக் காசு கொடுப்பதற்கு முன் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.